மகேஸ் போட்டோ கொப்பி எழுதிய பதினேழு வாக்குமூலங்கள்

இருபத்தொன்பது. இந்த எண்ணை மறந்துவிட வேண்டாம்.

கனடாவில், வோபர்னிலிருந்து இரண்டு பஸ் எடுத்துப் போகும் தூரத்தில் ஒரு சலவை ஆலை இருக்கிறது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வருகின்றன. இரத்தத்தோடும் சீழோடும் மலத்தோடும் வந்து, வெள்ளையாக, சுடச்சுட, நாலாக மடிந்து திரும்பிப் போகின்றன. விரிப்பைக் காயவைத்து அழுத்தும் உருளை மெஷினுக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள். மெஷினுக்குப் பின்னால் சுவரில் ஒரு வெப்பமானி. பக்கத்தில் ஒரு தாள். காலை பத்துக்கும் மதியம் ஒன்றுக்கும் லைன் லீடர் பின்னால் போய், வெப்பநிலையைப் பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

லைன் லீடர் யோகராணி. வயது ஐம்பத்தேழு. அந்த ஆலையில் பத்தொன்பது வருடம். கோடை முழுக்க அவள் அந்தத் தாளில் நீலப் பேனாவால் எழுதியது ஒரே எண். வெப்பமானி எதைக் காட்டினாலும் இருபத்தொன்பது. முப்பதைத் தாண்டினால் மணிக்கொரு தடவை மெஷினை நிறுத்தி ஆட்களை இருத்த வேண்டும் என்பது ஆலையின் சொந்த விதி. மெஷின் நின்றால் சூப்பர்வைசர் மரியோவுக்கு மேலிடத்திலிருந்து ஏச்சு விழும். அதனால் என்ன எழுத வேண்டும் என்று மரியோ சொன்னான். யோகராணி எழுதினாள்.

ஜூலை மூன்றாம் கிழமை பேர்ணடெற் விழுந்தாள். பதினொரு வருடம் யோகராணிக்குப் பக்கத்தில் நின்று விரிப்பு இழுத்தவள். நின்ற நிலையில் கண் செருகி, மெஷினின் இரும்பு விளிம்பில் நெற்றி அடிபட்டு விழுந்தாள். நெற்றி ஆறிவிட்டது. சூட்டில் கெட்ட சிறுநீரகம் ஆறவில்லை. கொம்பனி விபத்து அறிக்கை எழுதியது. அதில் இரண்டு வரிதான் முக்கியம். ஒன்று, இவர் காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வேலைக்கு வந்திருக்கிறார். இரண்டு, பதிவேட்டின்படி அறையின் வெப்பநிலை இருபத்தொன்பது.

பேர்ணடெற் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள்.

"அக்கா, நான் அண்டைக்குப் புட்டுச் சாப்பிட்டனான். சம்பலோடை. அவங்களிட்டைச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான் கேட்டாள். பொய் எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது. வெப்பமானி மெஷினுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்க்கிற ஒரே ஆள் லைன் லீடர்.

யோகராணி போனை வைத்தாள். அடுத்த நாளே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்களைப் பிடித்து இருத்தி, ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதினாள். தலைசுற்று, வாந்தி, மூத்திரம் போக விடாதது, தண்ணீர்ப் போத்தலை லொக்கரில் வைக்கச் சொன்னது. பதினேழு பெண்கள். வீட்டில் புதிதாக வாங்கிய லப்டொப்பில் பதினேழையும் இரண்டு விரலால் தட்டித் தட்டி அடித்தாள். ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்கினாள். தன்னுடையதை எழுதவில்லை. தான் எழுதிக்கொடுக்கிற ஆள்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அந்த லப்டொப்பை வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

மார்க்கம் ரோட்டில் மகேஸ்வரனுக்கு ஒரு கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் படம், மரண அறிவித்தல், போன் திருத்துவது, கொம்பியூட்டர். இந்தப் பக்கத்தில் ஆர் கொம்பியூட்டர் வாங்கினாலும் மகேஸ்வரன் அண்ணையிடம்தான் கொண்டுபோவார்கள். அவர் எல்லாம் போட்டுத் தருவார். எல்லாவற்றையும் தன் ஈமெயிலில், தன் போன் நம்பரில், தன் கடையின் பெயரில் போடுவார். பாஸ்வேர்ட்டும் அவரிடமே இருக்கும். எங்கள் ஆட்கள் அதைக் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. அண்ணை பார்த்துக்கொள்ளுவார்.

யோகராணிக்கு இது புதிதுமில்லை. அவளுடைய போன் மகனின் பெயரில். மின்சார பில் கணவரின் பெயரில். வங்கியின் இணையக் கணக்கு மகளின் ஈமெயிலில். இருபத்தாறு வருடமாகக் கனடாவில் இருக்கிறாள். அவளுடைய பெயரில் ஒரு கடவுச்சொல் கிடையாது.

மகேஸ்வரன் அவளுடைய லப்டொப்பில் கடிதம் அடிக்கும் ஒபிஸ் மென்பொருளையும் போட்டுக்கொடுத்தார். முப்பது நாள் இலவசம். முப்பத்தோராம் நாள் காலை அவள் திறந்தபோது, மேலே சிவப்பாக ஒரு பட்டி. காலம் முடிந்துவிட்டது. வாசிக்கலாம். திருத்த முடியாது. எழுத முடியாது. நித்திரை முழித்து அவள் அடித்த வசனங்களை, அவளுடைய சொந்த வசனங்களை, ஒருத்தன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தொடாதே என்கிறான். இதற்குப் பெயர் இலவசம்.

அவள் பெரிய கடையில் போய்ச் சரியான பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினாள். ஒரு அட்டை, அதைச் சுரண்டினால் மென்பொருளைத் திறக்கும் இருபத்தைந்து எழுத்து. பழையதை அகற்றாமலே அதன் மேல் புதியதைப் போட்டாள். இரண்டும் உள்ளே கிடந்து அடிபட்டன. சிவப்புப் பட்டி போகவில்லை.

அந்த நிலையில்தான் புதன்கிழமை காலை, பேர்ணடெற் விழுந்தது பற்றிய அரசாங்க விசாரணைக் கூட்டம் வந்தது. எல்லோரும் திரையில். யோகராணி குசினி மேசையில் இருந்தாள். பதினேழு கடிதங்களும் விசாரணையின் இணையத் தளத்துக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தன. கொம்பனியின் வழக்கறிஞர் இளைஞர், நல்ல கழுத்துப்பட்டி. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: இந்தப் பதினேழு கோப்புகளையும் உருவாக்கியவர் என்று கோப்புக்குள்ளேயே ஒரு பெயர் பதிந்திருக்கிறது. மகேஸ் போட்டோ கொப்பி. இவர் எங்கள் ஆலையில் எந்தப் பிரிவில் வேலை செய்கிறார்?

யாரோ சிரித்தார்கள். ஆர் என்று தெரியவில்லை. எவருடையதோ மைக் திறந்து கிடந்தது.

பதினேழு பெண்களின் வாந்தியும் தலைசுற்றும் மூத்திரமும் ஒரு கடைக்காரன் கட்டிய கதை என்று ஆகிவிட்டது, இரண்டு நிமிடத்தில்.

விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. இவற்றை அடித்தது யார் என்று கேட்டார். யோகராணி மைக்கைத் திறந்து, "நான்" என்றாள். அப்படியானால் உங்கள் பெயரில், உங்கள் கோப்பாக, திரும்பத் தயாரித்து அனுப்புங்கள் என்றார் அதிகாரி. அங்கே வேலை செய்யும் நீங்கள் கண்டதையும் சேர்த்து எழுதுங்கள். நாளை மாலை நாலு மணிக்குத் தளம் மூடப்படும். கையால் எழுதியது ஏற்கப்படாது. கூட்டம் முடிந்தது.

அவள் சப்பாத்தின் நாடாவைக் கட்டாமலே மார்க்கம் ரோட்டுக்கு நடந்தாள்.

"வா தங்கச்சி," என்றார் மகேஸ்வரன். "என்ன, முகம் ஒரு மாதிரி?"

"அண்ணை, என்ர கொம்பியூட்டருக்குள்ளை இருந்து உங்கட பேரை எடுங்கோ."

"அதுக்கேன் சண்டைக்கு வாறாய்? ஓசியிலை போட்டுத் தந்தனான்."

"ஆர் உங்கட பேரிலை போடச் சொன்னது?"

"உனக்கு ஈமெயில் இருந்ததோ? இல்லை. பிறகு ஆற்ற பேரிலை போடுறது? இந்தப் பக்கத்திலை முந்நூறு கொம்பியூட்டர் என்ர பேரிலைதான் ஓடுது. கோயில் கணக்கு, பள்ளிக்கூட விழா, செத்தவீட்டு நோட்டீஸ், எல்லாத்துக்கும் நான்தான் ஓதர், எழுதின ஆள்." சொல்லும்போது மார்பு கொஞ்சம் முன்னுக்கு வந்தது.

அவள் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். மார்பு திரும்ப உள்ளே போனது.

"என்ர பேரை வாசிச்சவங்களோ?"

"வாசிச்சுச் சிரிச்சவங்கள்."

"ஐயோ தங்கச்சி, அந்த ஆலையின்ர ஷிப்ட் அட்டவணை முழுக்க நான்தானே லமினேற் பண்ணிக் குடுக்கிறனான்." அவர் கதவைப் பார்த்தார். "இப்ப நான் உதுக்குள்ளை கை வைக்கேலாது. உள்ளுக்குப் போற கோட் நம்பர் என்ர போனுக்குத்தான் வரும். கூட்டமெல்லாம் முடியட்டும், அடுத்த கிழமை கொண்டு வா, வடிவாய்ச் செய்து தாறன்."

"நாளைக்கு நாலு மணிக்கு முடியுது."

"உனக்கேன் இந்த வில்லங்கம்? நீ லைன் லீடர். மற்றவையள் கத்தினால் கத்தட்டும். உன்ர கையெழுத்து ஒண்டும் இல்லைத்தானே அதுகளிலை?"

அவள் திரும்பி நடந்தாள். கடைக்கு வெளியே வந்தபோதுதான் அந்தக் கேள்வி குத்தியது. இல்லைதான். அதில் இல்லை. வேறு தாளில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தாள். அகற்றுவது என்றால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, கறை போகாத விரிப்பை அகற்றுகிற வழி. தூக்கிக் கூடைக்குள் எறிவது. திரையிலிருந்த படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டிக்குள் போட்டாள். பிறகு மென்பொருள் கிடந்த கோப்புறையைத் தேடிப் பிடித்து அதையும் போட்டாள். சிலதை விடமாட்டேன் என்றது; தாண்டிப் போ என்று அமத்தினாள். தொட்டியையும் காலி செய்தாள். பிறகு புதியதைப் போடப் போனாள். பழைய பதிப்பு இருக்கிறது, முதலில் அதை அகற்று என்றது. அகற்றப் போனாள். அகற்றுவதற்கான கோப்பைக் காணவில்லை என்றது. போடப் போனால் இருக்கிறது. அகற்றப் போனால் இல்லை. இதே பதிலை அவள் மரியோவின் வாயால் எத்தனை தரம் கேட்டிருக்கிறாள்! மின்விசிறி இருக்கிறது என்பான். எங்கே என்றால் இல்லை என்பான்.

வியாழன் காலை ஐந்தரைக்கு மரியோவுக்கு அழைத்து, சுகமில்லை, வரமாட்டேன் என்றாள். பத்தொன்பது வருடத்தில் மூன்றாவது தரம்.

மரியோ சுகத்தை விசாரிக்கவில்லை. அப்படியானால் இன்றைக்குத் தாளை யார் எழுதுவது என்று கேட்டான்.

"நீயே எழுது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தாள்.

பதினொரு மணிக்கு ஸபியா வந்தாள். மடிக்கும் மேசையில் வேலை செய்பவள், அன்றைக்கு அவளுக்கு ஓய்வு நாள். பதினேழு வாக்குமூலத்தில் ஒன்பதாவது அவளுடையது. கொழும்பில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் ஏழு வருடம் கொம்பியூட்டரில் இருந்தவள். இங்கே வந்து தலையணை உறை மடிக்கிறாள்.

"லைப்ரரியில போய் அடிச்சா என்னக்கா?" என்றாள் முதலில்.

"அங்கை அடிச்சால் லைப்ரரியின்ர பேர் விழும். போட்டோ கொப்பியாய் இருந்தது காணும். இனி லைப்ரரியாவும் ஆகோணுமோ?"

ஸபியா சிரித்துவிட்டு மேசையில் இருந்தாள். நடந்ததைத் திரையில் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னக்கா செஞ்சி வச்சிருக்கீங்க! ஆளை அனுப்பச் சொன்னா கையைக் காலை வெட்டிப் போட்டிருக்கீங்க. முண்டம் உள்ளதான் கிடக்கு."

"எடுபடுமோ?"

"எடுப்போம். முதல்ல உங்கட கடிதங்களை வெளிய எடுக்கணும்." அவள் கொண்டுவந்த யூஎஸ்பியைச் செருகி, பதினேழையும் அதில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, கழற்றி யோகராணியின் கையில் கொடுத்தாள். "இதை மேசையில வைக்காதீங்க. பிடிச்சிட்டு இருங்க."

யோகராணி பிடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப்பாட்டுப் பலகையில் நிரல்களின் பட்டியல். அதில் அந்த மென்பொருள் இரண்டு தரம் இருந்தது. ஒன்று இலவசம், ஒன்று வாங்கியது. வாங்கியதை அகற்றச் சொன்னாள் ஸபியா, போனது. இலவசத்தை அகற்றச் சொன்னாள், மறுத்தது. காசு கொடுத்தது மரியாதையாகப் போகிறது. ஓசியில் வந்தது கதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தயாரித்தவர்களே இப்படிப்பட்ட கேசுக்கென்று ஒரு அகற்றும் கருவி வைத்திருக்கிறார்கள். அதை ஸபியா அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கினாள். வேறு எவன் தந்தாலும் இறக்கக் கூடாது என்றாள். கருவி ஓடியது. முடிந்ததும், ஒருக்கா அணைத்துத் திரும்பப் போடு என்றது. போட்டார்கள். அப்போதுதான் லப்டொப்புக்கு வேறு நினைவு வந்தது. புதுப்பிப்புகள் நடக்கின்றன, அணைக்க வேண்டாம்.

பன்னிரண்டரை. ஒரு மணி. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆற்ற கொம்பியூட்டர் இது?" யோகராணி மேசையில் அடித்தாள். "நான் காசு குடுத்து வாங்கினது. என்னைக் கேளாமல் என்ன மண்ணாங்கட்டிக்கு இப்ப சோடிக்குது?"

"அடிச்சா வேகமா ஓடாது அக்கா. அந்த மெஷின் மாதிரித்தான்."

ஒன்றே காலுக்கு வட்டம் நின்றது. யோகராணி அட்டையை எடுத்தாள். ஸபியா கையைத் தடுத்தாள்.

"இருங்க. போயிட்டானா எண்டு பாக்கணும்."

அமைப்புகளுக்குள் போனாள். கணக்குகள் என்ற இடத்தில் மகேஸ் போட்டோ கொப்பி இன்னும் குந்திக்கொண்டிருந்தது. மென்பொருள் போய்விட்டது, பெயர் போகவில்லை. ஸபியா அதை அமத்தி, அகற்று என்றாள். மறைந்தது.

"கோட் கேக்கேல்லையே?" யோகராணிக்கு நம்ப முடியவில்லை. "அண்ணை கோட் இல்லாமல் ஏலாது எண்டாரே?"

"வெளிய போறதுக்கு எவன்ட கோடும் வேணாமக்கா. உள்ள வரத்தான் கேப்பாங்க."

யோகராணி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அதை இங்கே அச்சிட முடியாது. மகேஸ்வரனுக்கு அது பொருந்தும்.

பிறகு ஈமெயில். ஐம்பத்தேழு வயதில் முதல் ஈமெயில். கடவுச்சொல் அடிக்கிற கட்டம் வந்ததும் ஸபியா எழும்பி யன்னலுக்குப் போனாள். ஒன்பதாம் மாடியிலிருந்து கீழே பஸ் தரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அடிக்கிறது, சொல்லும்."

"எனக்குச் சொல்லாதீங்க. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. அதுதானே விஷயம்."

புதியதைப் போட்டார்கள். இருபத்தைந்து எழுத்தையும் ஸபியா வாசிக்க யோகராணி அடித்தாள். ஏற்றுக்கொண்டது. சிவப்புப் பட்டி இல்லை. மணி இரண்டே முக்கால். வெள்ளைத் தாள் திறப்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு பெட்டி வந்தது. பயனர் பெயர்.

யோகராணியின் விரல் அந்தரத்தில் நின்றது.

"என்னக்கா? பேர் மறந்து போச்சா?"

மறக்கவில்லை. இந்த ஒரு மாதமும் அந்தக் கோப்புகளில் தன் பெயர் இல்லாதது அவளுக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. மகேஸ்வரன் போட்ட பெயருக்குப் பின்னால் அவளும்தான் ஒளிந்திருந்தாள். அடித்தவள்தான், சாட்சி இல்லை. கூட்டத்தில் சிரித்தவன்மேல் வந்த ஆத்திரம், மகேஸ்வரன்மேல் வந்த ஆத்திரம், மரியோமேல் வந்த ஆத்திரம், எல்லாம் திரும்பி அவளுடைய நீலப் பேனாவில் வந்து நின்றது.

"ஸபியா, அந்த இருபத்தொன்பது நான் எழுதினது."

"எந்த இருபத்தொன்பது?"

"சுவரிலை கிடக்கிற தாள். பொய். ஒவ்வொரு நாளும் பொய். மரியோ சொன்னவன், நான் எழுதினனான்."

ஸபியா யன்னலை விட்டுத் திரும்பினாள்.

"பேர்ணடெற் விழுந்த அண்டைக்கும்?"

"பத்து மணிக்கு ஒருக்கா எழுதினனான். அவளை அம்புலன்சிலை ஏத்திப்போட்டு வந்து ஒரு மணிக்கும் எழுதினனான்."

குசினியில் குளிர்சாதனப் பெட்டி உறுமியது. ஸபியா தன் கைப்பையை எடுத்தாள். தோளில் போட்டாள்.

"உங்களோட ஒரே மேசையில சாப்பிட்டேன் நான்," என்றாள். "என்ட கூற்றையும் எழுதினீங்க. 'சரியான சூடு' எண்டு நான் சொன்னேன். எவ்வளவு சூடு எண்டு நீங்க கேட்டீங்க. என்கிட்ட கேட்டீங்க!"

"ஓம்."

"வேலை போகும், தெரியுமா? லீடர் வேலை மட்டுமில்ல. பொய்க் கையெழுத்து எண்டு மொத்தமாக் கலைப்பாங்க. மரியோ நான் சொல்லவே இல்ல எண்டுவான்."

"தெரியும்."

ஸபியா கதவு வரை போனாள். அங்கே நின்று மணிக்கூட்டைப் பார்த்தாள். பையை இறக்கி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து இருந்தாள். முகம் இறுகித்தான் இருந்தது.

"அடிங்க. மூணு மணியாகுது. கோவத்தை நான் நாளைக்குப் படுறேன்."

யோகராணி பெட்டிக்குள் தன் பெயரை அடித்தாள். முழுப் பெயர். தகப்பன் பெயரோடு. புதிய வெள்ளைத் தாளைத் திறந்தாள். பதினேழு கூற்றுகளையும் யூஎஸ்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் தாளுக்குள் ஒட்டினாள். ஸபியா கோப்பின் விபரத்தைத் திறந்து காட்டினாள். உருவாக்கியவர் என்ற இடத்தில் போட்டோ கொப்பி இல்லை. யோகராணி இருந்தாள்.

மூன்றே காலுக்குப் பதினெட்டாவதைத் தொடங்கினாள். தெரிந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வசனமாக. நான் லைன் லீடர். வெப்பமானியைப் பார்ப்பது நான் மட்டும். தாளில் உள்ள எண் பொய். அதை எழுதியது நான். எழுதச் சொன்னது சூப்பர்வைசர். முப்பதுக்கு மேல் எழுதினால் மெஷினை நிறுத்த வேண்டும் என்பதால் சொன்னார். பேர்ணடெற் அன்று காலை புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவர் விழுவதற்குச் சற்று முன்னால், பத்து மணிக்கு, நான் பின்னால் போய் என் கண்ணால் பார்த்தேன். அப்போது வெப்பமானி காட்டியது,

அதோடு நின்றாள். எண்ணுக்கான இடம் வெறுமையாக இருந்தது. கோடை முழுக்கப் பழகிய விரல் தன்பாட்டில் இரண்டுக்குப் போனது. அடித்தாள். அழித்தாள்.

"நாலுக்கு இன்னும் பத்து நிமிஷம்," என்றாள் ஸபியா.

"தெரியும், பொறும்."

"எவ்வளவு அக்கா? எனக்கும் தெரியணும். அந்தச் சூட்டில நிண்டவள் நான்."

யோகராணி விசைப்பலகைக்குக் குனிந்தாள். அடித்தாள். சேமித்தாள். அனுப்பினாள். பிறகு திரையை ஸபியாவின் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

நாற்பத்தொன்று.